கான்டாக்டர் அடிக்கும்போதெல்லாம் யுஎஸ்பி கட் ஆகுது: வீட்டு பின்பால் கேபினெட், உதவி வேணும்

பெரம்பூர்_பிளிப்பர்:
வணக்கம் நண்பர்களே. வீட்டு ஹால்லயே வெர்ச்சுவல் பின்பால் கேபினெட் (நிஜ பந்துக்குப் பதிலா டிவி ஸ்கிரீன்ல ஆடுற பின்பால் மிஷின்) ஒண்ணு கட்டிட்டிருக்கேன். 18 எம்எம் பிளைவுட் பெட்டி, ஆடுகளத்துக்கு படுக்க வெச்ச 43 இன்ச் டிவி, மேல பேக்கிளாஸுக்கு (ஸ்கோர் தெரியற நிமிர்ந்த பலகை) ஒரு பழைய மானிட்டர். விண்டோஸ் பிசியில விஷுவல் பின்பால்ங்கிற கேம் சாஃப்ட்வேர் ஓடுது. பட்டன், பிளஞ்சர் (பந்தை ஏவுற கம்பி), டில்ட் (பெட்டியை ஆட்டுறதை உணர்றது) எல்லாம் யுஎஸ்பியில பிசியோட சேர்ற கேஎல்25இசட் மைக்ரோகன்ட்ரோலர் போர்டுல, பின்ஸ்கேப் சாஃப்ட்வேர் ஏத்தி. அதுவரைக்கும் அருமையா போச்சு.

பிளிப்பர் (பந்தைத் தட்டுற கை) அடிச்சா பெட்டியில அந்த உதை தெரியணும்னு 24 வோல்ட் டிசி கான்டாக்டர் (காயில்ல கரண்ட் போனா டக்குனு இழுக்கிற பெரிய ஸ்விட்ச்) ஆறு மாட்டினேன். ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின ரெடிமேட் மாஸ்பெட் போர்டு (காயிலை ஆன் ஆஃப் பண்ற எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) வழியா ஓடுது. அங்கதான் சிக்கல். பந்து, அதைத் திருப்பி உதைக்கிற பம்பர் நடுவுல மாட்டி கான்டாக்டர் படபடன்னு அடிக்க ஆரம்பிச்சா, விண்டோஸ்ல யுஎஸ்பி கழட்டுற சத்தம் வருது. ரெண்டு மூணு செகண்ட் எந்த பட்டனும் வேலை செய்யாது, பந்து நேரா வடிகாலுக்குப் போயிடுது. அப்புறம் தானா கனெக்ட் ஆயிடும்.

கேபிள் மாத்தியாச்சு, போர்ட் மாத்தியாச்சு, பவர் உள்ள ஹப்பும் போட்டுப் பார்த்தாச்சு. விண்டோஸ்ல யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டும் ஆஃப். 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) பத்தலையா, பெருசா வாங்கணுமா? இன்னொண்ணு, வெறுங்கால்ல நின்னு முன்பக்க லாக்பாரை (மேல் கண்ணாடியைப் பிடிக்கிற உலோகப் பட்டை) தொட்டா லேசா சுர்ருனு இருக்கு. இது அதோட சம்பந்தப்பட்டதா?

கிண்டி_வாசி:
எதையும் வாங்காதீங்க இப்போ. 24 வோல்ட் சப்ளையை மட்டும் ஆஃப் பண்ணிட்டு ஒரு கேம் ஆடுங்க. கட் ஆகலைன்னா சாஃப்ட்வேர் மேல பழி போடத் தேவையில்லை. அப்புறம் ஆன் பண்ணி பிளிப்பர் பட்டனை அழுத்திப் பிடிங்க. அழுத்தும்போது கட் ஆகுதா, விடும்போதா? அதை மட்டும் சொல்லுங்க.

பெரம்பூர்_பிளிப்பர்:
24 ஆஃப்ல ஒரு தடவை கூட கட் ஆகல. ஆன் பண்ணி அழுத்திப் பிடிச்சாலும் ஒண்ணும் ஆகல. விடும்போதுதான் போகுது.

அம்பத்தூர்_பேனல்:
விடும்போதுன்னா எஸ்எம்பிஎஸ் மேல தப்பில்லை தம்பி. சப்ளை பத்தலைன்னா இழுக்கும்போதுதான் படுத்திருக்கும். நான் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல பேனல் போர்டு வயரிங் பார்க்கிறவன், இது எங்களுக்குப் பழக்கமான வியாதி.

காயில்ல ஓடிட்டிருக்கிற கரண்டை மாஸ்பெட் டக்குனு நிறுத்துது. காயில் அதை விடாது. கரண்டுக்குப் போக வழி இல்லாததால வோல்டேஜ் 24க்கு பல மடங்கு எகிறும். காயில்ல இருந்து போர்டு வரைக்கும் போற வயர் முழுக்க அந்த ஸ்பைக்கை காத்துல வீசும். பக்கத்துல யுஎஸ்பி கேபிள் போனா அதுல ஏறும், கேஎல்25இசட் தடுமாறி விழும். ஆறு கான்டாக்டரும் மாத்தி மாத்தி விட்டா கேட்கவே வேணாம்.

மருந்து 1என்4007 டயோடு (கரண்டை ஒரே திசையில விடுறது), காயிலுக்கு ஒண்ணு; நிறுத்தின கரண்ட் அது வழியா காயில்லயே சுத்தி அடங்கும். சில்லறைக் காசு. வெள்ளிக் கோடு போட்ட முனை காயிலுக்கு பிளஸ் வர்ற ஏ1 டெர்மினல்ல, இன்னொரு முனை ஏ2ல. கான்டாக்டர் ஸ்க்ரூவுலயே நேரா கடிக்க விடுங்க. போர்டுல ஏற்கனவே டயோடு இருந்தாலும் இங்க தனியா போடணும், ஸ்பைக்கை அது பிறக்கிற இடத்துலயே அடக்கணும். திருப்பி மாட்டினா காயில் ஆன் ஆகும்போது நேரடி ஷார்ட், மாஸ்பெட் போயிடும். அதனால ஒவ்வொண்ணையும் கோடு பார்த்துட்டு டைட் பண்ணுங்க. 1980 வாக்குல வந்த வில்லியம்ஸ் பின்பால் மிஷின் காயிலைப் பார்த்திருக்கீங்களா? லக் (காயில்ல வயர் பத்தவைக்கிற முனை) மேலயே டயோடைப் பத்தவெச்சிருப்பாங்க. அவங்க காரணமில்லாம வைக்கல.

கூடவே, மாஸ்பெட் போர்டுல இருந்து திரும்புற மைனஸ் வயர் தடிமனா, நேரா 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் மைனஸுக்கே போகட்டும். கேஎல்25இசட் கிரவுண்ட் வழியா சுத்த விடாதீங்க. யுஎஸ்பி கேபிளை எதிர்ப்பக்கச் சுவர் ஓரமா கொண்டுபோங்க. குறுக்கே போய்த்தான் ஆகணும்னா 90 டிகிரியில கடக்கட்டும்.

மடிப்பாக்கம்_வாசகர்:
டயோடு போட்டா கான்டாக்டர் லேட்டா விடும்னு படிச்சேனே சார். பிளிப்பர் ஃபீல் கெட்டுப்போகாதா? அதுக்குப் பதிலா 24 வோல்ட் லைன்ல பெரிய கபாசிட்டர் போட்டா?

அம்பத்தூர்_பேனல்:
கபாசிட்டர் சப்ளையைத்தான் தாங்கும், காயில் ஸ்பைக்கைத் தொடாது. லேட்டா விடும்ங்கிறது உண்மைதான், ஆனா மில்லிசெகண்ட் கணக்கு. ஸ்கிரீன்ல பிளிப்பர் கான்டாக்டருக்காகக் காத்திருக்காது, இறங்குற 'டக்' மட்டும் கொஞ்சம் பின்னாடி வரும். அது கையில உறுத்தினா டயோடோட சீரிஸ்ல எதிர்த்திசையா 24 வோல்ட் ஜீனர் (குறிப்பிட்ட வோல்டேஜைத் தாண்டினா எதிர்த்திசையிலயும் கரண்டை விடுற டயோடு) போடுங்க, சீக்கிரம் விடும். அப்போ மாஸ்பெட் 60 வோல்ட்டாவது தாங்கணும்.

கிண்டி_வாசி:
அந்த சுர்ரை யாரும் பேசலையே. எனக்கு அதுதான் பெரிய கவலை. எஸ்எம்பிஎஸ், பிசி எல்லாத்துலயும் ஃபில்டர் கபாசிட்டர் வழியா கொஞ்சம் கரண்ட் உலோக பாடிக்குக் கசியும், அது எர்த்துல இறங்கணும். எர்த் இல்லைன்னா பாடி கிட்டத்தட்ட பாதி மெயின்ஸ் வோல்டேஜ்ல நிக்கும். பழைய பிளாட்ல மூணு பின் பிளக் பாயின்ட் இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னாடி எர்த் வயரே இருக்காது. எலக்ட்ரீஷியனை வரவெச்சுப் பாருங்க. யாராவது நியூட்ரலை எர்த் பின்னோட ஜம்பர் பண்றேன்னு சொன்னா கண்டிப்பா விடாதீங்க. நியூட்ரல் எங்கயாவது அறுந்தா லாக்பார்ல முழு 230 வந்து நிக்கும், குழந்தைங்க தொடுற இடம் அது. லாக்பார், சைடு ரெயில், காயின் டோர் மூணுக்கும் ரிங் லக் போட்டு எர்த் வயர் இழுங்க. வீட்டுல 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற ஸ்விட்ச்) இருக்கணும்.

பெரம்பூர்_பிளிப்பர்:
ஆறு டயோடும் மாட்டியாச்சு, யுஎஸ்பியை எதிர்ப்பக்கம் திருப்பியாச்சு. பம்பர்ல எவ்வளவு அடிச்சாலும் கட் ஆகவே இல்லை! போர்டைத் திருப்பிப் பார்த்தேன், டயோடுக்கு இடம் விட்டிருக்காங்க, டயோடு வைக்கல. 'டக்' கொஞ்சம் மென்மையா இருக்கு, எனக்குப் பிடிச்சிருக்கு, ஜீனர் வேணாம். பிளக் பாயின்ட்ல எர்த் வயர் நிஜமாவே இல்லை. எலக்ட்ரீஷியன் டிபி பாக்ஸ்ல (வீட்டு மெயின் போர்டு) இருந்து புதுசா இழுத்துத் தர்றேன்னு சொல்லியிருக்கார், அதுவரைக்கும் பவர் ஆஃப். ரொம்ப நன்றி அண்ணா, கிண்டி நண்பருக்கும். அடுத்து ஷேக்கர் மோட்டார் (பெட்டியை அதிர வைக்கிறது) வெக்கலாம்னு இருக்கேன், அதுக்கும் இதே டயோடா?

அம்பத்தூர்_பேனல்:
சின்ன 12 வோல்ட் டிசி மோட்டாரை ஆன் ஆஃப் மட்டும் பண்ணினா இதே போதும், டெர்மினல்லயே மாட்டுங்க. வேகத்தைக் கூட்டிக் குறைக்கப் போறீங்கன்னா 1என்4007 மெதுவா வேலை செய்யும், வேகமான ஷாட்கி டயோடு வாங்குங்க. மோட்டார் பிரஷ் பொறியால வர்ற மின் இரைச்சலுக்கு ரெண்டு டெர்மினலுக்கும் நடுவுல 0.1 மைக்ரோஃபேரட் செராமிக் கபாசிட்டர் ஒண்ணு. முதல்ல எர்த் முடியட்டும் தம்பி.