குடுவைச் செடி கருகுகிறது, அவசரம்

மாடிமதி: நர்சரியில் வாங்கிய குடுவைச் செடி, பூச்சி பிடிக்கும் வகை. வரும்போது நிறைய குடுவை தொங்கியது. இப்போது ஒவ்வொன்றாகக் கருகுகிறது. புது இலை வருகிறது, ஆனால் நுனியில் குடுவை இல்லை. தினமும் தண்ணீர் விடுகிறேன். என்ன மருந்து அடிக்கலாம்?

கொல்லைப்புறம்: எந்த ஊர்? நெப்பந்தஸ் வகையா, சாரசீனியா வகையா? என்ன மண், என்ன தண்ணீர்? வெயில் படுமா? போட்டோ போடுங்க.

ரத்னா_ஆர்: பசியாக இருக்கும். ஈ பிடித்துப் போடுங்க.

மூத்தசெடியன்: இதற்கு இங்கே எத்தனை முறை பதில் எழுதுவது? தேடிப் பார்க்கவே மாட்டீர்களா? ஈ இல்லாமல் இந்தச் செடி பல மாதம் இருக்கும், உப்புத் தண்ணீரில் இருக்காது. சத்தில்லாத மண்ணில் வளர்வதால்தான் அது பூச்சியே பிடிக்கிறது.

மாடிமதி: சென்னை, மடிப்பாக்கம். போர் தண்ணீர்தான், எல்லாச் செடிக்கும் அதுதான். கோகோபீட், கொஞ்சம் மண்புழு உரம். தொங்கும் தொட்டி, பால்கனி உள்பக்கம்.

கொல்லைப்புறம்: அப்போ நெப்பந்தஸ், அனேகமாக வென்ட்ராட்டா என்ற கலப்பின ரகம். உரத்தோடு அந்தக் கலவையை முழுக்க எடுத்துவிடுங்கள். ஸ்பாக்னம் மாஸும் (சதுப்புப் பாசி) பெர்லைட்டும் (பொரிந்த எரிமலைக் கல் குருணை) போதும். மழைநீர் அல்லது டிடிஎஸ் (கரைந்த உப்பு அளவு) 50-க்குள் உள்ள தண்ணீர். வீட்டு ஆர்ஓவில் தாது சேர்க்கும் கேட்ரிட்ஜ் இருந்தால் மீட்டர் வைத்துப் பாருங்கள். பழைய குடுவை காய்வது இயல்பு. கருகியதை மட்டும் வெட்டுங்கள், பச்சை இலையைத் தொடாதீர்கள். மருந்து வேண்டாம்.

தொட்டிராசா: ஈரப்பதம்தான் குறை. பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுங்க.

கொல்லைப்புறம்: சென்னையில் ஈரப்பதத்துக்கா பஞ்சம்? வெளிச்சம்தான் குறை. காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். மூடினால் வெந்துவிடும்.

தொட்டிராசா: ஏசி தண்ணீர் ஊற்றலாமே, சும்மாதானே போகிறது.

மூத்தசெடியன்: செம்புக் குழாயில் வழியும் தண்ணீர். ஊற்றிப் பாருங்கள், தெரியும்.

தொட்டிராசா: வருடக்கணக்காக ஊற்றுகிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. இதுக்கு மேகாலயாவிலிருந்தே ஒரு காசியானா நெப்பந்தஸ் வரவழைத்திருக்கலாம், நம் நாட்டுச் செடி.

மூத்தசெடியன்: இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே நெப்பந்தஸ் அது. காசி, ஜெயந்தியா, காரோ மலைகளில் பிடுங்கிப் பிடுங்கியே அருகிவிட்டது. சைட்டீஸ் (அருகும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) முதல் பட்டியலில் இருக்கிறது. காட்டிலிருந்து எடுத்ததை வாங்கினால் சட்டப்படி குற்றம்.

தொட்டிராசா: விதையில் வளர்த்ததும் விற்கிறார்களே? சும்மா மிரட்டாதீங்க.

மூத்தசெடியன்: விற்பவர் சொன்னால் நம்பிவிடுவீர்களா?

மாடிமதி: மாஸ் மாற்றினேன், மழைநீர் பிடித்து வைத்திருக்கிறேன். புது இலை நுனியில் மிளகு அளவில் ஏதோ உருண்டிருக்கிறது.

கொல்லைப்புறம்: குடுவைதான். இனி தொட்டியைத் திருப்பவோ நகர்த்தவோ வேண்டாம்.

தொட்டிராசா: ஏசி தண்ணீர் விட்டிருந்தால் முன்னாடியே வந்திருக்கும்.