பிதாகரஸ் தேற்றம் வழியாக வந்த ஹாப்ஸ்

நான் கணக்கு டியூஷன் எடுப்பவன். 17-ம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் என்றால், தங்கை போட்டித் தேர்வுக்கு உருப்போட்ட ஒரு வரி மட்டும்தான் தெரியும்: அரசு என்று ஒன்று இல்லாவிட்டால் மனித வாழ்க்கை தனிமை, வறுமை, அருவருப்பு, மிருகத்தனம், அற்பாயுசு. ஆள் சிடுமூஞ்சி போல என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் அவருடைய நண்பர் ஜான் ஆப்ரி எழுதிய வாழ்க்கைக் குறிப்பு கையில் கிடைத்தது. 40 வயதில் ஹாப்ஸ் யாரோ ஒரு பெரிய மனிதரின் நூலகத்தில் நிற்கிறார், அங்கே யூக்ளிட்டின் வடிவியல் நூல் விரித்த வாக்கில் கிடக்கிறது, முதல் புத்தகம், 47-வது தேற்றம், அதாவது நம்ம பிதாகரஸ். படித்துப் பார்த்துவிட்டு, கடவுள் மேல் ஆணையாக இது நடக்காத காரியம் என்கிறார். நிரூபணத்துக்குள் போனால் அது 46-ஐப் பார், 41-ஐப் பார் என்று பின்னால் தள்ளுகிறது, அங்கே போனால் இன்னும் பின்னால். அப்படியே போய்ப் போய், கடைசியில் ஒத்துக்கொண்டாராம். அன்றைக்குப் பிடித்தது வடிவியல் பைத்தியம். இத்தனை வருஷத்தில் என் பிள்ளைகளில் ஒருத்தன்கூட "சார், இது நடக்காது" என்று சண்டைக்கு வந்ததில்லை, எல்லோரும் மனப்பாடம்தான்.

அந்த ஆசையில்தான் அரசைப் பற்றி ஹாப்ஸ் எழுதிய 'லெவியதான்' (1651) எடுத்தேன். ராஜா, சட்டம் என்று தொடங்கும் என்று பார்த்தால் முதல் அத்தியாயம் புலனறிவு! பிறகு கற்பனை, பேச்சு, சொல்லுக்குச் சொல் வரையறை. தங்கையின் வரி 13-ல்தான் வருகிறது, அரசு 17-ல்தான் பிறக்கிறது. பலவீனமானவனும் பலசாலியைக் கொன்றுவிட முடியும், அதனால் எல்லோருக்கும் எல்லோர் மேலும் பயம், பயந்தவன் முந்திக்கொண்டு அடிப்பான், இதை நிறுத்த எல்லோரும் சேர்ந்து ஒருவனிடம் அதிகாரத்தைக் கொடுக்கிறார்கள். இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் வரப்போகிறது என்று 1640-லேயே பாரிசுக்கு ஓடி, சுமார் 11 வருஷம் அங்கேயே இருந்த மனுஷன், பயத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதா என்ன. ஆனால் ஒரு படி எனக்கு இடிக்கிறது: அந்த ஒப்பந்தம் குடிகளுக்குள் மட்டும்தான், அதிகாரத்தை வாங்கிக்கொள்கிறவர் அதற்குக் கட்டுப்படுவதில்லை. இப்படி ஒரு நிரூபணம் விடைத்தாளில் வந்தால் மார்க் குறைத்திருப்பேன்.

வடிவியலே அவர் மானத்தையும் வாங்கியது. பரப்பில் வட்டத்துக்குச் சமமான சதுரம் வரைந்துவிட்டேன் என்று 1655-ல் அறிவித்தார், ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஜான் வாலிஸ் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார், சண்டை இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. அளவுகோலும் கவராயமும் வைத்து அதைச் செய்யவே முடியாது என்பது 1882-ல் நிரூபணமானது. 91 வயது வரை இருந்த ஹாப்ஸ் கடைசி வரை தோல்வியை ஒத்துக்கொள்ளவில்லை.

—

சார், எனக்கு 'லெவியதான்' புத்தகத்தின் முகப்புப் படம்தான் அறிமுகம். ஒரு கையில் வாள், மறு கையில் ஆயரின் செங்கோல், கிரீடம் வைத்த ராட்சதன். தூரத்திலிருந்து உடம்பில் செதில் மாதிரி தெரிந்தது, கிட்டப் போனால் அத்தனையும் மனிதர்கள், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவன் முகத்தையே பார்க்கிறார்கள். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

—

ராத்திரி என்றதும் ஞாபகம் வருகிறது, அதே ஆப்ரி குறிப்பில் இன்னொன்றும் உண்டே: நுரையீரலுக்கு நல்லது என்று கதவைச் சாத்திக்கொண்டு படுக்கையில் சத்தமாகப் பாடுவாராம். குரல் அப்படியொன்றும் நன்றாக இருக்காது என்பதையும் ஆப்ரி எழுதத் தவறவில்லை.