சூரியக் குடும்ப மாதிரி: புதனும் வெள்ளியும் சூரியனுக்குள் போய்விடுகின்றன, எங்கே தவறு?

கேட்டவர் (ஆயர் ஈத்தாம், பினாங்கு)

வணக்கம். மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். அறிவியல் கண்காட்சிக்குச் சூரியக் குடும்பம் செய்யவேண்டும். வகுப்பின் பின்சுவரில் 3 மீட்டர் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு முனையில் சூரியன், மறுமுனையில் நெப்டியூன் என்று நூல் கட்டிக் கணக்குப் போட்டோம். புதன் 4 சென்டிமீட்டர், வெள்ளி 7, பூமி 10, செவ்வாய் 15. சூரியனுக்கு வாங்கிய நுரைப்பந்தின் அகலம் 15 சென்டிமீட்டர். நடுவிலிருந்து அளந்தால் பந்தின் பாதியே ஏழரை. புதனும் வெள்ளியும் உள்ளே போய்விட்டன! அந்தப் பக்கமோ வியாழன் 52, சனி 96, யுரேனஸ் 192 என்று நடுவே வெறும் நூல்தான். மூன்று இரவாகத் திரும்பத் திரும்பக் கணக்கைப் பார்த்துவிட்டேன். புத்தகப் படத்தில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் அழகாக நிற்கின்றனவே? திங்கட்கிழமை கொண்டுபோக வேண்டும். புளூட்டோவையும் சேர்க்கவா?

பதில் (ஆசிரியை, பட்டர்வொர்த்)

வணக்கம் ஐயா. உங்கள் கணக்கு சரி. பந்துதான் பெரிது. நூலில் பூமி 10 சென்டிமீட்டரில் நின்றால், அதே அளவில் சூரியனின் அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. பூமி கண்ணுக்கே தெரியாது. தூரத்துக்கு ஓர் அளவு, உருண்டைக்கு வேறோர் அளவு என்று கலந்ததால் வந்த வினை இது. புத்தகப் படங்களும் அப்படித்தான் கலக்கின்றன. பக்கத்தில் இடம் போதாதே.

சுவரில் தூரத்தை மட்டும் காட்டுங்கள். சூரியனுக்குக் குண்டூசித் தலை, கோள்களுக்கு வண்ணக் காகிதக் கொடிகள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே, 21 முதல் 33 சென்டிமீட்டர் வரை, சிறுகோள் பட்டைக்குப் புள்ளி வைக்கலாம். பந்துகளைத் தனி மேசையில் வையுங்கள். புளூட்டோ 2006-இலிருந்து குறுங்கோள், எனவே எட்டுதான்.

இன்னொன்று. பிள்ளைகள் கிழமை வாய்ப்பாட்டிலேயே செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்று எழுதிவிடுவார்கள். என் வகுப்பில் வருடா வருடம் நடக்கும். கொடியில் பெயர் எழுதும்போது கூடவே உட்காருங்கள்.

பதில் (செபராங் ஜெயா)

அண்ணே, இரண்டையும் ஒரே அளவில் காட்ட ஒரு வழி இருக்கிறது, ஆனால் வெளியே போகவேண்டும். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் என்று வையுங்கள். சூரியன் 14 சென்டிமீட்டர், சின்ன பம்ப்ளிமாஸ் பழம். மீதி, வியாழனைத் தவிர, எல்லாம் சமையலறையிலேயே கிடைக்கும். வெள்ளியும் பூமியும் கடுகு, செவ்வாய் கசகசா, புதன் அதைவிடச் சின்ன உப்புக்கல். வியாழன் கோலிக்குண்டு, சனி கொண்டைக்கடலை, யுரேனசும் நெப்டியூனும் மிளகு. பழத்திலிருந்து புதன் 6 மீட்டர், வெள்ளி 11, பூமி 15, செவ்வாய் 23, வியாழன் 78, சனி 143, யுரேனஸ் 287, நெப்டியூன் 450. கர்னி டிரைவ் நடைபாதை தாராளமாகப் போதும்.

இந்த அளவில் ஒளியின் வேகம் நொடிக்கு 3 சென்டிமீட்டர். எறும்பு ஊர்வது போல! பழத்திலிருந்து பூமிக் கடுகுக்கு வர 8 நிமிடத்துக்கு மேல், நெப்டியூன் மிளகுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல். எனக்கு இதைச் சொல்லிச் சொல்லி அலுக்கவே இல்லை.

கேட்டவர்

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. இப்படி ஒரே கோட்டில்தான் நிற்குமா என்று மகள் கேட்கிறாள்.

பதில் (ஆசிரியை, பட்டர்வொர்த்)

இல்லை ஐயா. புதன் 88 நாளில் ஒரு சுற்று முடிக்கிறது, நெப்டியூனுக்குச் சுமார் 165 ஆண்டு. ஒவ்வொன்றும் வெவ்வேறு திசையில் இருக்கும். நூல் தூரத்தை மட்டுமே சொல்கிறது என்று அட்டையில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

கேட்டவர்

ஞாயிறு காலை கர்னி டிரைவ் போய்வந்தோம். கடிகாரத்தைப் பார்த்தபடி பழத்திலிருந்து கடுகு வரைக்கும் எறும்பு வேகத்தில் மகள் நகர்ந்தாள், அந்த 8 நிமிடமும் அவசரப்படவே இல்லை. கொண்டைக்கடலையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பழம் வெறும் புள்ளி. வீட்டுக்கு வந்ததும் சுவருக்கான நூலை விரித்தோம். வியாழனுக்கு அப்பால் உள்ள காலி இடத்தில் நட்சத்திரக் காகிதம் ஒட்டலாமா என்று கேட்டேன். எதையும் ஒட்டவேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.