டோல்கோக் நிலையமும் நம் ஊர்ப் பழைய ஸ்டேஷனும்

சங்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர்ப் பழைய ஸ்டேஷன் கட்டடத்தை என்ன செய்வது என்று சென்ற பொதுக்குழுவில் எழுந்த பேச்சு முடிவு காணாமல் நின்றுவிட்டது. அதையொட்டி, பிரிட்டனின் வேல்ஸ் மலைப்பகுதியில் நான் பார்த்துவந்த டோல்கோக் என்னும் சிறிய ரயில் நிலையத்தைப் பற்றி எழுதுகிறேன்.

டவின் என்னும் கடற்கரை ஊரிலிருந்து மலைக்குள் செல்லும் டாலிலின் ரயில்பாதை, ஸ்லேட் கல் இறக்குவதற்காக 1865இல் போடப்பட்டது. அதன் இரு தண்டவாளங்களுக்கும் இடையே அகலம் 686 மில்லிமீட்டர்தான். நம் பக்கத்தில் முன்பு இருந்த, ஒரு மீட்டர் அகலமுள்ள மீட்டர் கேஜைவிடவும் குறுகல். 1866இல் சோதனைக்கு வந்த அரசு அதிகாரி, பாலங்களுக்கு அடியில் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே போதிய இடைவெளி இல்லையென்று கண்டதால், பெட்டிகளின் ஒருபக்கக் கதவுகளை அடைத்து, மறுபக்கம் இடம் கிடைக்கும்படி தண்டவாளத்தையே சற்று நகர்த்திப் போட்டார்கள். இன்றும் அந்த வண்டியில் ஒரு பக்கமாக மட்டுமே ஏறி இறங்க முடியும். பிளாட்பாரங்களும் அந்தப் பக்கத்திலேயே அமைந்திருக்கின்றன.

டோல்கோக்கைச் சுற்றி ஊர் என்று சொல்ல எதுவும் இல்லை. மரங்களுக்கு நடுவே ஒரு பிளாட்பாரம், அருகே பள்ளத்தாக்கைக் கடக்கும் உயரமான பாலம், கீழே அருவிக்குப் போகும் நடைபாதை, அவ்வளவுதான். நான் போயிருந்தபோது கரி என்ஜினுக்குத் தண்ணீர் பிடித்தார்கள். ஃபயர்மேன் தொட்டியின் மேல் ஏறி நின்று, குழாயை அதன் வாய்க்குள் விட்டு, நீர் விளிம்பைத் தொடும்வரை கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். வயதில் என் அப்பாவை ஒத்த அவர் சம்பளம் வாங்காமல் அந்த வேலையைச் செய்கிறவர்.

அந்தப் பாதை பிழைத்த வரலாற்றை நாம் அறிந்துகொள்ள வேண்டும். 1946இல் அந்த ஸ்லேட் குவாரி மூடப்பட்டது. தாம் உயிரோடு இருக்கும்வரை வண்டி ஓடும் என்று வாக்குக் கொடுத்திருந்த உரிமையாளர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ் 1950இல் காலமானார். அதே ஆண்டு அக்டோபரில், நான் இப்போது குடியிருக்கும் பர்மிங்காமில், எழுத்தாளர் டாம் ரோல்ட் முதலானோர் கூட்டம் போட்டு, பாதையைக் காக்கச் சங்கம் அமைத்தார்கள். 1951இல் ஓடக்கூடிய நிலையில் இருந்த ஒரே என்ஜினை வைத்து வண்டியை விட்டார்கள். தன்னார்வலர்கள் ஏற்று நடத்திய உலகின் முதல் ரயில்பாதை அதுதான். பாதைக்கு வெகுதொலைவில் வாழ்ந்தவர்கள் கூடி அதைக் காப்பாற்றினார்கள் என்பதே, ஊரை விட்டு வந்திருக்கும் நமக்கு முக்கியமான செய்தியாகப் படுகிறது.

நம் ஊரில் மீட்டர் கேஜ் வண்டியை மறுபடி ஓட்ட முடியாது. அந்தத் தண்டவாளம் போய்விட்டது. அகலப்பாதை வந்ததால் மக்களுக்குக் கிடைத்த நன்மையும் பெரிது. ஆனால் டிக்கெட் கொடுத்த ஜன்னலும், பயணிகள் உட்கார்ந்த கல் பெஞ்சும், கட்டடத்தின் சுவர்களும் இன்னும் நிற்கின்றன. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி நிலையம் அழிந்ததையும், பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் சரிசெய்ததையும் யாரும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் அந்தப் புயல் இரவில் நம் ஸ்டேஷனில் விளக்கேற்றியவரும், மறுநாள் பாதையைப் பார்க்கப் போன கேங்மேனும் கண்டதை அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம்தான் கேட்க முடியும்.

ஆகவே, ஊர் எல்லையில் தோரணவாயில் கட்டும் யோசனையைத் தள்ளிவைத்து, அந்தக் கட்டடத்தை இடிக்காமல் பழுதுபார்த்துப் பராமரிக்க அனுமதி கோரி, மதுரைக் கோட்ட ரயில்வே நிர்வாகத்துக்குச் சங்கத்தின் பெயரில் மனுக் கொடுக்க வேண்டுமென்று முன்மொழிகிறேன். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு ஊர் செல்லும் தம்பிமார்கள், ரயில்வேயில் வேலைபார்த்த குடும்பங்களைச் சந்தித்துப் பேச்சைப் பதிவுசெய்து, பழைய அட்டை டிக்கெட், புகைப்படம் ஏதேனும் இருந்தால் படியெடுத்துவர வேண்டும். பழுதுபார்க்கும் செலவுக்கு முதல் தொகையை நான் தருகிறேன். மனுவை எழுதித் தரக்கூடியவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.