பாக்ஸில் உம்ம்ம் என்று ஹம், 6 மணிக்குக் கச்சேரி, அவசரம்

திடல்_சவுண்டு (2.40)
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கோயில் திடலில் இன்று சாயங்காலம் மெல்லிசை. எல்லாம் கட்டியாகிவிட்டது, ஆனால் ஸ்பீக்கர் பாக்ஸில் உம்ம்ம் என்று ஒரே ஹம். மிக்சரில் சத்தம் கூட்டும் ஃபேடரை ஏற்றினால் அதுவும் கூடவே ஏறுகிறது. கேபிள் மாற்றியாயிற்று, வேறு ஆம்ப்ளிஃபயரும் போட்டுப் பார்த்தாயிற்று, போகவில்லை. தெருவுக்குக் கட்டிய கூம்பு ஸ்பீக்கரில், அதாவது கோனில், இந்தச் சத்தம் இல்லை, மேடைப் பக்கத்து பாக்ஸில் மட்டும்தான். சீக்கிரம் சொல்லுங்கள்.

எர்த்துப்பின் (2.46)
என்ன மிக்சர்? மேடையில் என்னென்ன வாத்தியம்? கரண்ட் இபியா ஜெனரேட்டரா? ஃபேடர் என்றால் எந்த ஃபேடர், மாஸ்டரா, ஒரு சேனலா? இதெல்லாம் சொல்லாமல் யார் என்ன சொல்ல முடியும் தம்பி.

தெருமுனை_டெக் (2.48)
கோனில் இல்லை, பாக்ஸில் மட்டும் என்றால் பாக்ஸ்தான் பழுது. உள்ளே அடிச்சத்தத்தையும் மேல்சத்தத்தையும் பிரிக்கும் கிராஸ்ஓவர் போயிருக்கும். பின்பலகையைக் கழற்றிப் பாருங்கள்.

பழைய_ஃபேடர் (2.55)
கழற்றாதீர்கள். கரண்டிலிருந்து வரும் ஹம்மின் அடி 50 ஹெர்ட்ஸ், கோன் அதைப் பாடவே பாடாது. 300க்குக் கீழே அதற்கு மூச்சே கிடையாது, ஹம் அதற்குள் போனாலும் வெளியே வராது. இது தெரியாமல் அடுத்தவர் பாக்ஸுக்கு ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கொடுக்கிறார்கள். கேள்வி கேட்டவருக்கும் ஒரு வார்த்தை: ‘ஹம் வருகிறது’ என்று மட்டும் எழுதினால் நாங்கள் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும். எல்லாச் சேனலையும் மியூட் செய்துவிட்டு மாஸ்டரை மட்டும் ஏற்றுங்கள். ஹம் இருந்தால் கோளாறு மிக்சருக்குப் பின்னால், இல்லையென்றால் முன்னால். அப்புறம் ஒவ்வொரு சேனலாகத் திறங்கள். இது அரிச்சுவடி, மேடை ஏறுமுன் தெரிந்திருக்க வேண்டியது.

சீரியல்செட்_எதிரி (2.58)
திருவிழா என்றால் சீரியல் செட் இருக்குமே? அதுதான். நூற்றுக்குத் தொண்ணூறு அதுதான். எல்இடி லைட்டின் பவர் சப்ளை, மேடை லைட்டின் டிம்மர், எல்லாம் லைனில் குப்பையைக் கொட்டும். மைக் கேபிளும் லைட் ஒயரும் ஒரே மூங்கிலில் சேர்த்துக் கட்டியிருப்பீர்கள். பிரித்துப் போடுங்கள், குறுக்கே போக வேண்டிய இடத்தில் நேர் குறுக்காகப் போகட்டும், பக்கத்துப் பக்கத்தில் ஓடக் கூடாது. லைட் எல்லாவற்றையும் ஒரு நிமிடம் அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

எர்த்துப்பின் (3.01)
லைட் தொல்லை ‘டர்ர்ர்’ என்று கரகரப்பாக வரும். அவர் ‘உம்ம்ம்’ என்கிறார். எனக்கு இது வேறு மாதிரி தெரிகிறது. அவர் வந்து சொல்லட்டும்.

புது_மிக்சர் (3.05)
இன்னும் அனலாக் மிக்சரைக் கட்டி அழுதால் இப்படித்தான். சின்ன டிஜிட்டல் மிக்சர் வாங்கிவிடுங்கள், ஒவ்வொரு சேனலிலும் ஒரு குறிப்பிட்ட ஹெர்ட்ஸை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் இருக்கிறது, 50ஐயும் 100ஐயும் வெட்டிவிட்டால் முடிந்தது.

பழைய_ஃபேடர் (3.07)
3 மணிக்கு மேல் கடைக்குப் போய் மிக்சர் வாங்கி 6 மணிக்குக் கச்சேரி. அருமை. 50, 100 வெட்டினால் 150, 200, 250 என்று மேலே படி படியாக இருப்பதை யார் வெட்டுவது? தபலா ஜோடியில் கனத்த சத்தம் தரும் டக்காவையும் சேர்த்து வெட்டுவீர்களா?

திடல்_சவுண்டு (3.12)
12 சேனல் அனலாக் மிக்சர்தான் அண்ணா. பாடுபவர்கள் இரண்டு பேர், கீபோர்டு, வயலின், தபலா, ரிதம் பேட். ஜெனரேட்டர். லைட் எல்லாம் அணைத்துப் பார்த்தோம், அப்படியே இருக்கிறது. மியூட் செய்தால் போய்விடுகிறது. கீபோர்டு சேனலில்தான் அதிகம், வயலினில் கொஞ்சம்.

வீணை_டிஐ (3.18)
வயலினில் பிக்கப் ஒட்டியிருக்கிறதா? வாத்தியத்தின் அதிர்வைச் சிக்னலாக்கும் பீசோ பிக்கப்பை நேரே லைன் இன்புட்டில் சொருகினால் அடிச்சுரம் காய்ந்துபோகும், இரைச்சலும் ஏறும். அதற்கு 1 மெகா ஓம் அளவு இன்புட் உள்ள டிஐ பாக்ஸோ (வாத்தியத்தின் சிக்னலை மிக்சருக்குப் பொருந்துமாறு மாற்றும் பெட்டி) ப்ரீஆம்ப்போ வேண்டும். அது இரண்டாவது வேலை, இப்போதைக்கு வயலினுக்கு ஒரு மைக் வைத்துவிடலாம். முதலில் கீபோர்டு. டிஐ வழியாக வருகிறதா, நேரேயா? அதற்குக் கரண்ட் எந்த பிளக்கிலிருந்து?

காதால் ஒரு சோதனையும் சொல்கிறேன், எங்கள் வீணைக்காரர்கள் செய்வது. பாடுகிறவருக்குச் சுருதி 5 கட்டை என்றால் ஹம்மையும் சுருதிப்பெட்டியையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். 50 ஹெர்ட்ஸ் என்பது மந்தர ஸ்தாயிக்கும் கீழே கிட்டத்தட்ட 5 கட்டைதான், கொஞ்சம் ஏறினாற்போல் இருக்கும். இபி லைனின் ஹம் அந்த இடத்தில் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். ஜெனரேட்டர் ஹம் அப்படி நிற்காது, ஃபோகஸ் லைட்டைப் போட்டதும் இன்ஜின் வேகம் ஒரு நொடி இறங்கும், ஹம்மின் சுருதியும் கூடவே வழுக்கும். எந்தக் கரண்ட் உள்ளே வருகிறது என்று மீட்டர் இல்லாமலே கண்டுபிடித்துவிடலாம்.

ஊர்ஊராக (3.22)
எதற்கு இவ்வளவு சுற்றல்? மூணு முனை பிளக்கில் எர்த் முனையை எடுத்துவிடுங்கள், அல்லது இரண்டு முனை கன்வெர்ட்டரில் சொருகுங்கள். ஹம் நின்றுவிடும். நாங்கள் எல்லா ஊரிலும் அப்படித்தான் ஓட்டுகிறோம்.

எர்த்துப்பின் (3.24)
தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். ஹம் நிற்கும், உண்மைதான். ஒருநாள் மிக்சர் பாடியில் ஃபேஸ் வந்து உட்கார்ந்தால் மைக் பிடித்திருப்பவரும் நின்றுவிடுவார். கேபிளின் ஷீல்டை, அதாவது உள்கம்பியைச் சுற்றியுள்ள உலோக வலையை, வேண்டுமானால் ஒரு பக்கம் விடுவிக்கலாம், மூணு பின் உள்ள எக்ஸ்எல்ஆர் பிளக்கில் 1ஆம் பின், வாங்குகிற முனையில் மட்டும். டிஐ பாக்ஸில் கிரவுண்டு லிஃப்ட் சுவிட்ச் செய்வதும் அதைத்தான், சிக்னல் பக்கத்தில். மெயின்ஸ் எர்த்தைத் தொடவே கூடாது.

ஊர்ஊராக (3.26)
இத்தனை வருஷத்தில் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

திடல்_சவுண்டு (3.31)
கீபோர்டு நேரே வருகிறது, டிஐ இல்லை. ஜெனரேட்டர் பக்கம் பிளக் பத்தவில்லை, அதனால் கீபோர்டுக்கும் வயலின் ப்ரீஆம்ப்புக்கும் கோயில் மண்டபத்து பிளக்கிலிருந்து இழுத்திருக்கிறோம், அது இபி. அப்புறம் இன்னொன்று, பாடுகிற அக்கா மைக்கில் உதடு பட்டால் சுள்ளென்று இருக்கிறது என்கிறார். அதற்கு மைக்கில் ஸ்பாஞ்சு போட்டுவிட்டோம். அது தனி என்று நினைக்கிறேன்.

எர்த்துப்பின் (3.33)
தம்பி, முதலில் ஜெனரேட்டரையும் மண்டபத்து லைனையும் அணைக்கச் சொல்லுங்கள். அணைத்த பிறகு மீதியைப் படியுங்கள்.

மைக்கின் உலோக உடம்பு, கேபிள் ஷீல்டு வழியாக மிக்சர் பாடியோடு சேர்ந்திருக்கிறது. மிக்சர் பாடி ஜெனரேட்டரின் எர்த்தோடு சேர்ந்திருக்க வேண்டும். ஜெனரேட்டரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருப்பார்கள், தரையில் எர்த் கம்பி அடித்திருக்க மாட்டார்கள். அப்போது பவர் சப்ளைகளில் இருக்கும் ஃபில்டர் கபாசிட்டர்கள் கசியவிடுவதிலேயே பாடி முழுக்க 100 வோல்ட்டுக்கு மேல் மிதக்கும். கரண்ட் அளவு மிகக் குறைவு என்பதால் சுள்ளென்பதோடு போகிறது. ஆனால் இது வெறும் கசிவா, உள்ளே எங்காவது உண்மையிலேயே ஒயர் பாடியைத் தொடுகிறதா என்று உதட்டை வைத்துச் சொல்ல முடியாது. அந்த அக்கா செருப்பில்லாமல் கோயில் தரையில் நிற்கிறார், தண்ணீர் தெளித்துக் கோலம் போட்ட தரையாகவும் இருக்கும். ஸ்பாஞ்சு எந்த விதத்திலும் காப்பு இல்லை, வேர்வை பட்டால் போயிற்று, கையும் மைக்கைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஹம்மும் இங்கிருந்துதான் வருகிறது. மிக்சருக்கு ஒரு கரண்ட், கீபோர்டுக்கு வேறொரு கரண்ட், இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் உங்கள் கீபோர்டு கேபிளின் ஷீல்டு வழியாக ஓடுகிறது. அது உள்ளே ஒரே கம்பியும் சுற்றி ஷீல்டும் மட்டுமுள்ள சாதா டிஎஸ் கேபிளாக இருந்தால் ஷீல்டும் சிக்னல் பாதையில் பாதி, ஓடுவதெல்லாம் பாக்ஸில் கேட்கும்.

செய்ய வேண்டியது: எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், லைசென்ஸ் உள்ளவராக. ஜெனரேட்டர் பாடிக்கு எர்த் கம்பி, நியூட்ரலும் பாடியும் சேர்ந்திருக்கிறதா என்ற சோதனை, மேடைக்குப் போகும் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். நியூட்ரல் சேராமல் மிதந்தால் ஆர்சிசிபி இருந்தும் விழாது, அதனால் அதை அவர் பார்த்தே ஆக வேண்டும். சவுண்டு சாமான் எல்லாம் ஒரே போர்டிலிருந்து. மண்டபத்து ஒயரைச் சுருட்டி வைத்துவிடுங்கள். பிளக் பத்தவில்லை என்றால் லைட்டை வேறு லைனுக்கு மாற்றுங்கள், கீபோர்டை மாற்றாதீர்கள்.

வீணை_டிஐ (3.37)
மேலே அண்ணா சொன்னதுதான். எலக்ட்ரீஷியன் வந்தபின் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து மிக்சர் பாடிக்கும் கீபோர்டு ஜாக்கின் வெளி உலோகத்துக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள், கேபிளைக் கழற்றிவிட்டு. எத்தனை காட்டியது என்று இங்கே எழுதுங்கள்.

ஊர்ஊராக (3.40)
ஒரு ஹம்முக்கு எலக்ட்ரீஷியன், ஆர்சிசிபி! அந்தக் காலத்தில் ஒரு ஆம்ப்ளிஃபயர், நாலு கோன், ஒரு மைக். ஊர் பூராவும் கேட்டது. பாக்ஸ் வந்த பிறகுதான் இத்தனை வியாதியும். கோன் போடுங்கள், ஹம்மே கேட்காது, மேலே ஒருவர் சொல்லிவிட்டாரே.

பழைய_ஃபேடர் (3.44)
நான் சொன்னதை எடுத்து எனக்கே திருப்புகிறார். கோன் 100 வோல்ட் லைனில் மெல்லிய ஒயரில் அரை மைல் போகும், பேச்சு தெளிவாகக் கேட்கும், அறிவிப்புக்கு அதை மிஞ்ச ஆளில்லை. மெல்லிசையை அதில் கேட்டால் தபலா தகரடப்பா. நாதஸ்வரம் தவிலுக்குக் கோனும் வேண்டாம், மைக்கும் வேண்டாம், திறந்தவெளிக்கென்றே பிறந்த வாத்தியம். அதற்கு மைக் வைத்து, தங்கள் காதுக்கென்று மேடையில் மானிட்டர் பாக்ஸும் கேட்கும் குழுக்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

தவில்_பக்கம் (3.52)
ஐயா, கேட்கிறவர் பத்தடி தள்ளி நிற்கிறார் என்றால் மைக் வேண்டாம்தான். பின்னால் ஜெனரேட்டர் உறுமுகிறது, பக்கத்துத் தெருவில் வேறொரு செட் பாடுகிறது, அதற்கு நடுவில் நாதஸ்வரக்காரர் எவ்வளவு ஊதுவார்? திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் போய்விடும். 4 மீட்டரில் 100 என்றால் 32 மீட்டரில் 82தான். மைக் சத்தம் கூட்டுவதற்கு மட்டுமில்லை, கடைசி வரிசைக்கும் கமகம் போய்ச் சேர்வதற்கு.

ஊர்ஊராக (3.55)
அதைத்தான் நானும் சொல்கிறேன், கடைசி வரிசைக்கு ரெண்டு கோன் கட்டினால் போதும்.

தவில்_பக்கம் (3.58)
30 மீட்டர் தள்ளிக் கட்டினால் மேடைச் சத்தம் அங்கே வர 86, 87 மில்லி செகண்டு ஆகும், கோன் சத்தம் உடனே வந்துவிடும். கோன் சத்தத்தை அந்த அளவு தாமதப்படுத்தும் டிலே போடாமல் விட்டால் ஒவ்வொரு அடியும் இரண்டாகக் கேட்கும். ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரமா பதினாறா என்று ஜனங்கள் குழம்புவார்கள்.

அனுமதிச்_சீட்டு (4.05)
கோனைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒலி மாசு விதிகள் 2000ஐயும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு நினைத்தால் திருவிழாவுக்காக நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம், அதுவும் ஆண்டுக்கு மொத்தம் 15 நாளுக்கு மேல் இல்லை. பொது இடத்தின் எல்லையில் அந்தப் பகுதிக்கு உள்ள அளவைவிட 10 டெசிபல் கூடுதல், அல்லது 75, இதில் எது குறைவோ அதுதான் வரம்பு. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55. தெருத் தெருவாகக் கோன் கட்டினால் எந்தக் கணக்கிலும் நிற்காது.

ஊர்ஊராக (4.07)
55 டெசிபலில் திருவிழாவா? எங்கள் வீட்டு மிக்சியே அதைத் தாண்டும்.

அனுமதிச்_சீட்டு (4.09)
மிக்சிக்குப் போலீஸ் அனுமதி கேட்பதில்லை அண்ணே.

எர்த்துப்பின் (4.20)
கேள்வி கேட்ட தம்பி எங்கே? மெயினை அணைத்தீர்களா இல்லையா, ஒரு வரி போடுங்கள்.

வீணை_டிஐ (5.10)
இன்னும் பதில் இல்லையே. 6 மணிக்குள் எலக்ட்ரீஷியன் வரவில்லை என்றால் அந்த அக்காவை அந்த மைக்கைத் தொடவிடாதீர்கள். கச்சேரி ஒரு மணி நேரம் தள்ளிப் போகட்டும், கமிட்டிக்காரர்கள் கத்தினால் கத்தட்டும்.

சீரியல்செட்_எதிரி (5.25)
லைட்டை அணைத்துப் பார்த்தேன் என்றாரே, மண்டபத்து லைட்டையும் சேர்த்து அணைத்தாரா? அதை யாரும் கேட்கவில்லை.

திடல்_சவுண்டு (7.48)
எலக்ட்ரீஷியன் வந்து ஜெனரேட்டருக்குக் கம்பி அடித்துத் தண்ணீர் ஊற்றினார், உள்ளே நியூட்ரலிலும் ஏதோ செய்தார். கீபோர்டு, வயலின் எல்லாம் ஜெனரேட்டருக்கு மாற்றிவிட்டோம். இப்போது ஹம் இல்லை, அக்காவுக்கும் சுள்ளென்று இல்லையாம். ஓடிக்கொண்டிருக்கிறது. நன்றி, அப்புறம் வருகிறேன்.

எர்த்துப்பின் (7.51)
நல்லது தம்பி. ஆர்சிசிபி போட்டாரா?

வீணை_டிஐ (7.55)
மீட்டரில் எத்தனை வோல்ட் காட்டியது?

ஊர்ஊராக (8.02)
கீபோர்டை மாற்றியதில்தான் போயிருக்கும். கம்பி அடித்தது சும்மா.

பழைய_ஃபேடர் (8.06)
கீபோர்டை மாற்றினால் ஹம் போகும். சுள்ளென்றது எப்படிப் போயிற்று?

சீரியல்செட்_எதிரி (8.30)
பிளக் பத்தாது என்றாரே, அப்படியானால் லைட்டை வேறு லைனுக்கு மாற்றியிருப்பார். நான் முதலிலேயே சொன்னேன்.