பழைய பிஎம்எஸ்: பேனலை மாற்றுவதா, ஆட்களைப் பழக்குவதா?

ஊட்டி_மெயின்டனன்ஸ்:
ஊட்டியில் ஒரு ஹோட்டலில் பராமரிப்பு என் பொறுப்பு. பெரிய கட்டடம் ஒன்று, சரிவில் தனித்தனிக் காட்டேஜ்கள். இரண்டு டீசல் பாய்லர், அறைகளில் ரேடியேட்டர், பம்புகள், கிச்சன் எக்ஸாஸ்ட், தொட்டி மட்டம், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் 2004-இல் போட்ட ஒரு பிஎம்எஸ் (கட்டடத்தின் கருவிகளை ஒரே ஸ்கிரீனில் பார்த்து இயக்கும் சிஸ்டம்) பார்த்துக்கொள்கிறது. பார்த்துக்கொள்கிறது என்பது ஒரு பேச்சுக்கு. ஸ்கிரீன் ஓடும் கம்ப்யூட்டர் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி. போட்ட கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிட்டது. புரோகிராமைத் திறக்கும் பாஸ்வேர்ட் யாரிடமும் இல்லை. பார்க்கிற லாகின் மட்டும் இருக்கிறது.

முதலாளி இந்த வருடம் கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்கிறார். மொத்தமாக மாற்ற அது பத்தாது. பாய்லர் அறைக் கன்ட்ரோலர்களை மட்டும் மாற்றலாம். இல்லாவிட்டால் அதே பணத்தில் நம் பையன்களை நன்றாகப் பழக்கி, இருப்பதையே இன்னும் சில வருடம் ஓட்டலாம். எதைச் செய்வீர்கள்?

பேனல்காரன்_கோவை:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது, மாற்றுங்கள். எக்ஸ்பி விஷயத்தில் மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரலிலேயே கையை விரித்துவிட்டது. அதைவிட ஆபத்து, கன்ட்ரோலருக்குள் இருக்கும் காசு அளவு பேட்டரி. அந்தக் காலத்துக் கன்ட்ரோலர்கள் பலவற்றில் புரோகிராம் இருப்பது பேட்டரி தாங்கும் மெமரியில். பேட்டரி செத்திருக்கும்போது கரண்ட் போனால் புரோகிராமும் சேர்ந்து போகும். பேக்கப் ஃபைல் இருக்கிறதா? பாஸ்வேர்டே இல்லை என்கிறீர்கள், பேக்கப் எங்கே இருக்கப்போகிறது. பவர் சப்ளை கெப்பாசிட்டர்கள் இத்தனை வருடச் சூட்டில் வற்றிப்போயிருக்கும். இப்படி ஒரு பெட்டிக்காக ஆட்களைப் பழக்குவது காசைக் கரியாக்கும் வேலை.

பேக்நெட் பேசும் கன்ட்ரோலராகப் போடுங்கள். வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றோடொன்று பேச 1995-லிருந்து இருக்கும் பொதுத் தரம். நாளைக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றாலும் வேறொருவரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

பாய்லர்_தாத்தா (குன்னூர்):
பேட்டரி விஷயத்தில் தம்பி சொல்வது சரி. மிச்சத்துக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

புதுப் பேனல் மலையேறி வந்து இறங்கிய இடம் ஒன்று எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம். நல்ல சாமான், பேக்நெட்தான். ஒரு நாள் பயிற்சி. புரொஜெக்டரில் இங்கிலீஷில் ஏதோ காட்டினார்கள், டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள், வருகைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். டிசம்பரில் ஒரு ராத்திரி, அறை குளிர்கிறது என்று கெஸ்ட் ஒருவர் சத்தம் போட, நைட் ஷிப்ட் பையன் ஸ்கிரீனில் பம்பைத் தொட்டு 'ஆன்' கொடுத்தான். அறை சூடாகிவிட்டது, பையன் நல்ல பெயர் வாங்கினான்.

ஆனால் பேக்நெட்டில் ஒரு அவுட்புட்டுக்கு (பம்ப், வால்வுக்குப் போகும் கட்டளைக்கு) 16 படி முன்னுரிமை உண்டு. கையால் கொடுக்கும் கட்டளை 8-ஆவது படியில் போய் உட்காரும். நேரப்படி தானாகப் போகும் ஷெட்யூல் பெரும்பாலும் கடைசியில், 16-இல் கிடக்கும். சின்ன எண்ணுக்குத்தான் மரியாதை. 'ஆன்' கொடுத்தவன் அதை 'ரிலீஸ்' செய்யாதவரை, ஷெட்யூல் எத்தனை தடவை 'ஆஃப்' சொன்னாலும் பம்ப் காதில் வாங்காது. மறுநாள் வந்தவன் அறை வேகிறது என்று பாய்லரை 'ஆஃப்' செய்தான். அடுத்தவன் வால்வைத் தொட்டான். கோடை சீசன் வருவதற்குள் பாதி பாயின்ட்கள் (ஸ்கிரீனில் தெரியும் பம்ப், வால்வு, சென்சார் ஒவ்வொன்றும் ஒரு பாயின்ட்) கைக்கட்டளையில். எது, யார், ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது. கடைசியில் பேனல் கதவைத் திறந்து எல்லா ஸ்விட்சையும் 'ஹேண்ட்'டில் போட்டுவிட்டு, பழையபடி கடிகாரம் பார்த்துப் பம்ப் ஓட்டினார்கள். அவ்வளவு செலவழித்து வாங்கியது ஒரு ஸ்விட்ச் பெட்டி.

பேனல்காரன்_கோவை:
ஐயா, அது பயிற்சிக் கோளாறு இல்லை, புரோகிராம் எழுதியவர் கோளாறு. கைக்கட்டளை இரண்டு மணி நேரத்தில் தானாக விடுபடும்படி எழுதலாம். நாங்கள் அப்படித்தான் எழுதுகிறோம். கைக்கட்டளையில் இருப்பதை மட்டும் தனிப் பட்டியலாக முதல் ஸ்கிரீனிலேயே காட்டவும் முடியும்.

பயிற்சி பற்றி யாரும் வெளியே சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வேலை கற்றுக்கொண்ட பையன்தான் முதலில் கிளம்புவான். அவனுக்குத்தான் கோவையிலும் பெங்களூரிலும் வேலை கிடைக்கும். நீங்கள் போட்ட பயிற்சிப் பணம் பஸ் ஏறிப் போய்விடும். பேனல் சுவரிலேயே இருக்கும்.

ஊட்டி_மெயின்டனன்ஸ்:
அது உண்மைதான் சார். போன சீசன் முடிந்ததும் எங்களிடம் அப்படித்தான் நடந்தது.

பாய்லர்_தாத்தா:
பையன் போவான், சரி. மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு அடைத்தால் உங்கள் சர்வீஸ் ஆள் எப்படி வருவார்? 2009 நவம்பரை நாங்கள் மறக்கவில்லை. அன்றைக்குக் கட்டடத்துக்குள் இருக்கிறவனுக்குத் தெரிந்திருந்தால்தான் உண்டு.

இருக்கட்டும். ஒரே ஒரு கேள்வி. புதுக் கன்ட்ரோலரில் பாய்லர் ஹை லிமிட், அதாவது தண்ணீர் அதற்கு மேல் சூடாகக் கூடாத எல்லை, எத்தனை டிகிரி வைப்பீர்கள் தம்பி?

பேனல்காரன்_கோவை:
95. எல்லா இடத்திலும் வைப்பதுதான். ஏன்?

தலைகுந்தா_பனி:
போச்சு. தாத்தா வலை விரித்துவிட்டார்.

பாய்லர்_தாத்தா:
ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சூட்டில் விரியும் தண்ணீருக்காக மேலே திறந்த எக்ஸ்பான்ஷன் டேங்க் வைத்த லைனில் 95 வரை விடுவீர்களா?

பேனல்காரன்_கோவை:
பாய்லர் கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஆறு மீட்டர் தண்ணீர் மேலே நின்றாலே அந்த அழுத்தத்தில் பாய்லருக்குள் 100-ஐத் தாண்டினால்தான் கொதிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள் ஐயா.

பாய்லர்_தாத்தா:
பாய்லருக்குள் கொதிக்காது, ஒத்துக்கொள்கிறேன். அதே தண்ணீர் டேங்கை ஒட்டிய மேல்மாடி லைனுக்குப் போகும்போது அந்த ஆறு மீட்டர் எங்கே? அங்கே ஆவியாகும், குழாய் டம் டம் என்று அடிக்கும். பாய்லர் அறையில் இருப்பவனுக்குக் கேட்காது, மேலே தூங்குகிறவருக்குக் கேட்கும். பழைய புரோகிராமில் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். 80, 85 என்று இருந்தால், அந்தச் சத்தத்தைக் கேட்ட யாரோ ஒருவர் குறைத்திருக்கிறார் என்று அர்த்தம். நீங்கள் பேனலைக் கழற்றும்போது அவருடைய வேலையையும் சேர்த்துக் கழற்றிவிடுவீர்கள்.

பேனல்காரன்_கோவை:
80 வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அது ஒரு செட்டிங், மாற்ற ஒரு நிமிடம் ஆகும். அதற்காகப் பழைய பேனலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா?

தலைகுந்தா_பனி:
கேள்வி கேட்டவருக்கு என் பங்குக்கு ஒன்று. கன்ட்ரோலரை மட்டும் மாற்றிப் பழைய சென்சாரை வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் தெர்மிஸ்டர் (சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் சென்சார்) வகையைப் பார்த்துவிடுங்கள். 10கே என்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் டைப் 2, டைப் 3 என்று இரண்டு வளைவு உண்டு. 25 டிகிரியில் இரண்டுமே 10,000 ஓம்தான், வித்தியாசமே தெரியாது. 0 டிகிரியில் டைப் 2 32,650 ஓம், டைப் 3 29,490. மாற்றிப் போட்டால் ஏறக்குறைய 2 டிகிரி தப்பாகக் காட்டும். சமவெளியில் மேஜையில் வைத்துச் சோதித்தால் பாஸ் ஆகும். எங்கள் ஊர் உறைபனியில்தான் குட்டு வெளிப்படும். டைப் 3 சென்சாரை டைப் 2 என்று புரோகிராமில் போட்டால் நிஜ வெப்பநிலையைவிடக் கூடுதலாகக் காட்டும். வெளிக்குழாய் உறையாமல் இருக்க ஓட வேண்டிய பம்ப் ஓடாது.

தாத்தா, பேனல்காரர், நீங்கள் இருவரும் இதை வைத்தும் சண்டை போடலாம்.

பேனல்காரன்_கோவை:
சண்டைக்கு இடமே இல்லை. சென்சாரையும் சேர்த்து மாற்றுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

பாய்லர்_தாத்தா:
கொட்டேஷன் வளருகிறது பாருங்கள்.

கொடை_குளிர்:
கொடைக்கானலிலிருந்து. நாங்கள் ஒரேயடியாக மாற்றவில்லை. முதலில் எக்ஸ்பி மெஷினின் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே இமேஜ் எடுத்து, புதுக் கம்ப்யூட்டரில் விர்ச்சுவல் மெஷினாக (கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டராக) ஓட வைத்தோம். நெட் இணைப்பு கொடுக்காமல். பழைய மெஷினில் சீரியல் போர்ட்டும் லைசன்ஸ் டாங்கிளும் (செருகியிருந்தால்தான் மென்பொருள் ஓடும் சாவி) இருந்தால் இதில்தான் தலைவலி வரும், அதை முதலில் சோதியுங்கள். பிறகு பாய்லர் கன்ட்ரோலர். காட்டேஜ் பக்கம் இன்னும் பழசுதான், பழசின் மொழியைப் புதுசுக்கு மாற்றித் தரும் ஒரு கேட்வே வழியாகப் புது ஸ்கிரீனுக்கு வருகிறது.

காட்டேஜுக்குக் காட்டேஜ் கன்ட்ரோலர்களை இணைக்கும் ஆர்எஸ்-485 ஒயர் வெளியே ஓடுகிறது என்றால் பேனலை விட அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். இடி மின்னல் சீசனில் அந்த ஒயர் வழியாக வரும் சர்ஜ் (திடீர் மின்னழுத்த ஏற்றம்) ஒரே நேரத்தில் பல போர்டுகளைத் தின்றுவிடும். கட்டடங்களுக்கு நடுவில் ஃபைபர் போட்டோம். புதுக் கன்ட்ரோலரைப் பழைய ஒயரில் மாட்டினால் புதுசும் அதே வழியில் போகும்.

ஊட்டி_மெயின்டனன்ஸ்:
எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னதை வைத்து நேற்று ராத்திரி ஸ்கிரீனில் ஒவ்வொரு பாயின்டாகப் பார்த்தேன். ஹை லிமிட் 82 என்று இருக்கிறது. தாத்தா கணக்கு சரிதான்.

இன்னொன்று கிடைத்தது. வெளி வெப்பநிலை 12 டிகிரி என்று காட்டுகிறது. இரவிலும் 12, மதியம் வெயிலிலும் 12. யாரோ எப்போதோ அந்த சென்சார் வேலை செய்யவில்லை என்று 12 என்று கையால் எழுதி நிறுத்தியிருக்கிறார். வெளியே குளிரக் குளிர பாய்லர் தண்ணீரைச் சூடாக்குவதும், வெயில் வந்தால் குறைப்பதும் அந்த ஒரு எண்ணை வைத்துத்தான். அதாவது எங்கள் பாய்லருக்கு வருடம் முழுக்க ஒரே பருவம். வெயிலடிக்கும் மதியங்களில் எவ்வளவு டீசல் வீணானதோ. விடியற்காலையில் ஹீட்டர் பத்தவில்லை என்று வரும் புகாருக்கும் இதுதான் காரணம் போல. சென்சாரைத் திறந்து பார்த்தேன், சென்சார் நன்றாக இருக்கிறது. ஒயர் ஒன்று கனெக்டரில் பச்சை பிடித்து விட்டுப்போயிருந்தது.

பேனல்காரன்_கோவை:
பார்த்தீர்களா, இருபது வருடப் பேனல் என்ன செய்யும் என்று. புது சிஸ்டத்தில் இப்படி நிறுத்தி வைத்தால் அலாரம் வந்திருக்கும்.

பாய்லர்_தாத்தா:
பார்த்தீர்களா, என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் ஒரே ராத்திரியில் கண்டுபிடித்துவிட்டார். செலவு ஒரு கனெக்டர். அலாரம் வந்திருக்கும், அதையும் ஒரு பையன் 'அக்னாலெட்ஜ்' (பார்த்தாயிற்று) தட்டிவிட்டுப் போயிருப்பான்.

ஊட்டி_மெயின்டனன்ஸ்:
முதலாளியிடம் இப்படிச் சொல்லலாம் என்று இருக்கிறேன். இந்த வாரம் ஹார்ட் டிஸ்க் இமேஜ், கன்ட்ரோலர் பேட்டரிகள். பேட்டரியைக் கரண்ட் இருக்கும்போதே மாற்றலாமா என்று மாடலைப் பார்த்துச் சொல்லுங்கள், படம் அனுப்புகிறேன். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் குறையும்போது பாய்லர் அறைக் கன்ட்ரோலர்கள், சென்சாரோடு. அதற்கு முன் எந்த நிலையில் எது ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்பதைத் தமிழில் எழுதிப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்ட வேண்டும். கம்பெனி ஆள் இல்லாமல் எங்கள் நைட் ஷிப்ட் பையன் ஒரு சென்சாரைக் கழற்றி மாட்டி, கைக்கட்டளை கொடுத்து ரிலீஸ் செய்து, பேக்கப் எடுத்துக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் கடைசித் தவணை.

பேனல்காரன்_கோவை:
தமிழில் எழுதுவது நல்ல யோசனை, நாங்களே எழுதித் தருகிறோம். ஆனால் உங்கள் பையன் தேறுவானா என்பதை வைத்து என் பணத்தை நிறுத்துவது நியாயமில்லை. பையன் நடுவில் வேலையை விட்டுப் போனால் நான் யாருக்குச் சொல்லிக்கொடுப்பேன்? 5 சதவீதம் நிறுத்துங்கள், பேசலாம்.

பாய்லர்_தாத்தா:
15.

பேனல்காரன்_கோவை:
ஐயா, உங்கள் ஹோட்டலா இது?

ஊட்டி_மெயின்டனன்ஸ்:
10 என்று எழுதிக் கொட்டேஷன் அனுப்புங்கள் சார். ஃபைபருக்குத் தனியாக ஒரு வரி போடுங்கள். ஹை லிமிட் 82.