அண்ணா சாலையில் மெட்ரோ, பஸ் மாறும்போது உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

சைதைக்காரன்:
தூறல் விழுந்த ஒரு சாயங்காலம். டி.எம்.எஸ்.ஸில் மெட்ரோவை விட்டு மேலே வந்தால் எனக்கு வேண்டிய தாம்பரம் பஸ் 18ஏ எதிர்ப்பக்கம். வழக்கமான கதைதான். அன்று மீடியனில் ஒரு பெரியவர் மாட்டிக்கொண்டு நின்றார். வேட்டியை மடித்துக் கட்டி, எக்ஸ்ரே கவர் நனையாமலிருக்கச் சட்டைக்குள் பாதி செருகியிருந்தார். வண்டிகள் விட்டபாடில்லை. அவருடைய பஸ், ஸ்டாப்பிலிருந்து கிளம்பி நேர் எதிரே வந்தது. கையைக் காட்டினார். டிரைவரும் பார்த்தார், நடுரோட்டில் எப்படி ஏற்றுவது என்பதுபோல் உள்ளங்கையை விரித்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் மேலும் தப்பில்லை. பெரியவர் என் பக்கம் திரும்பி, "பத்தடிதான் தம்பி" என்றார். என்னத்தைச் சொல்வது?

அயனாவரம் 23சி:
கீழே ஸ்டேஷன் வழியாகவே அந்தப் பக்கம் போகலாமே சார்? டிக்கெட் வேண்டாம், கேட்டுக்குள்ளும் போக வேண்டாம். இந்த வாசலில் இறங்கி அந்த வாசலில் ஏறினால் முடிந்தது. அண்ணா சாலையைக் குறுக்கே கடப்பதெல்லாம் வேண்டாத வேலை. அதுவும் போக, தாம்பரம் பக்கம் போகிறவர்கள் பாதியில் ஏன் பஸ்ஸுக்கு மாறுகிறீர்கள் என்றே புரியவில்லை. கிண்டி வரை மெட்ரோவில் போய் நடைமேம்பாலம் ஏறி இறங்கினால் மின்சார ரயில். கோயம்பேடு என்றால் ஆலந்தூரில் பச்சை லைன். சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயிலுக்கு கவர்மென்ட் எஸ்டேட்டில் இறங்கி நடந்துவிடலாம். மேலே ஏறுவதற்கு முன் எந்த வாசல் எந்தப் பக்கம் என்று போர்டைப் பாருங்கள். அதை யாரும் படிப்பதில்லை.
என் அனுபவம்: கிண்டியில் இறங்கும் அவசரத்தில் பக்கத்து சீட்காரர் என் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். விட்டுப்போனது என்னுடையதைவிட நல்ல குடை.

கோடம்பாக்கம் பிரிட்ஜ்:
2017 ஏப்ரல் 9. ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ரோடு உள்வாங்கி, ஒரு 25ஜி பஸ்ஸும் காரும் பள்ளத்தில் இறங்கிய ஞாயிற்றுக்கிழமை. கீழே மெட்ரோ சுரங்க வேலை நடந்துகொண்டிருந்த சமயம். நானும் 25ஜியில்தான், பின்னால் வந்த வேறொரு வண்டியில். வழியிலேயே நின்றுவிட்டோம். ஏன் என்று கண்டக்டருக்கும் தெரியாது. முன்சீட்டு அம்மாவுக்கு ஒரு போன். "ஆமா, 25ஜிதான், ஏன்?" என்றார். அப்புறம் பின்னால் ஒரு பையனுக்கு. அப்புறம் எனக்கு. டி.வி.யில் பஸ் நம்பரைக் காட்டிவிட்டார்களாம். கொஞ்ச நேரத்தில் பஸ் முழுக்க ஒரே பேச்சு: "அது நான் இல்ல, நான் வேற வண்டி, நல்லாத்தான் இருக்கேன்." ஒருவர் மட்டும் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவருக்கு யாரும் கூப்பிடவில்லை. டி.எம்.எஸ்.ஸுக்கு வடக்கே மெட்ரோ ஓடவே 2019 பிப்ரவரி ஆனது. எங்கள் அம்மா என்னை அதில் ஏறவிட அதற்கப்புறமும் நாளானது.

வெள்ளை போர்டு:
23சி சார், மெட்ரோவில் போ என்று சொல்வது சுலபம். 2021-லிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்கள் எங்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டைக்கு நான் எதற்குக் காசு கொடுத்து பூமிக்குள் இறங்க வேண்டும்? டீலக்ஸை எல்லாம் போகவிட்டு நிற்பேன். அப்படி ஏறிய ஒருநாள், நின்றுகொண்டிருந்த ஒரு ஆள், "ஓசி டிக்கெட்டுக்கு ஜன்னல் சீட்டு வேற" என்று முணுமுணுத்தான். எனக்கு முன்சீட்டில், ஆபீஸ் கட்டடத்தில் கூட்டிப் பெருக்கிவிட்டு வரும் அக்கா ஒருத்தி, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கேட்டா குடுக்கப் போறேன். கேளேன்" என்றாள். அவன் கேட்கவும் இல்லை, நந்தனம் வரை வாயும் திறக்கவில்லை. கண்டக்டர் மட்டும் காரணமே இல்லாமல் ஒரு விசில் அடித்தார்.

அயனாவரம் 23சி:
நான் யாரையும் காசு செலவழிக்கச் சொல்லவில்லை அம்மா. நேரத்தைச் சொன்னேன்.

வெள்ளை போர்டு:
நேரம் எனக்கு இருக்கிறது சார்.

சைதைக்காரன்:
வாசல் வழியாகக் கடக்கலாம் என்பது எனக்கும் தெரியும். எக்ஸ்ரே கவரோடு வெளியூரிலிருந்து வந்தவருக்கு எப்படித் தெரியும்? அதை எந்த போர்டிலாவது பெரிதாக எழுதியிருக்கிறார்களா? சரி, அதை விடுங்கள். தேனாம்பேட்டை-சைதாப்பேட்டை மேம்பால வேலை ஆரம்பித்ததிலிருந்து நந்தனத்தில் 18ஏ ஒருநாள் சிக்னலுக்கு முன்னால் நிற்கிறது, ஒருநாள் தாண்டிப்போய் நிற்கிறது. தினமும் அங்கே ஏறுகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், எங்கே நிற்பது?